பழைய டாங்கிகள் காவல் முகாமைக் காக்குமா?

2022-ன் நடுவில் ரஷ்யா தன் கிடங்குகளில் கிடந்த டி-62 டாங்கிகளை ரயிலேற்றி உக்ரைன் போர்முனைக்கு அனுப்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதைவிடப் பழைய டி-54, டி-55 வண்டிகளும் சரக்கு ரயிலில் போவதைக் காட்டும் படங்கள் வெளிவந்தன. உக்ரைன் பக்கமும் இதே கதைதான். ஸ்லோவேனியா அந்த நாட்டுக்கு 28 எம்-55எஸ் டாங்கிகளைக் கொடுத்தது. பீரங்கியையும் குறிபார்க்கும் கருவிகளையும் மாற்றிப் புதுப்பித்த டி-55 தான் அது.

பெங்களூருவில் இந்தச் செய்திகளை ஊன்றிப் படிக்கும் தமிழ் வீடுகள் நிறைய உண்டு. ராணுவத்துக்குச் சாலையும் பாலமும் போடும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்லும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அந்தப் பக்கமே தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். தங்கவயல் பி.இ.எம்.எல். ஆலையில் ராணுவ வண்டிகளைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் எழும் கேள்வி இதுதான்: தாத்தா காலத்து டாங்கி இன்றைய சண்டையில் என்ன செய்துவிட முடியும்?

டாங்கியும் டாங்கியும் நேருக்கு நேர் மோதும் போரில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பழைய டாங்கிகளுக்கு வேறொரு வேலை நெடுங்காலமாகவே இருக்கிறது. சாலை, பாலம், மலை உச்சி, விமானத்தளம் போன்ற இடங்களைப் பிடித்துவைத்திருக்கும் சிறிய முகாம்களுக்குப் பக்கபலமாக நிற்பது. அங்கே டாங்கியின் வயதைவிட, எதிரில் இருப்பவனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது, முகாமுக்குப் பின்னால் டீசலும் ஆளும் வருகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் பெரியவை.

முதலில் சில சொற்கள்

டாங்கி என்பது மூன்றின் சேர்க்கை: பெரிய பீரங்கி, தடித்த எஃகுக் கவசம், மேடு பள்ளத்திலும் ஓடும் சங்கிலிப் பட்டை. பீரங்கி பொருத்திய மேல்கூண்டு எந்தத் திசைக்கும் சுழலும். அதை டரெட் என்பார்கள்.

டி-55 சுமார் 36 டன் எடை கொண்டது. உள்ளே நான்கு பேர். 100 மி.மீ. பீரங்கி, 580 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். அந்த இன்ஜின் இரண்டாம் உலகப் போரில் ஓடிய டி-34 டாங்கியின் இன்ஜினுக்கு நேர் வாரிசு. டி-54, டி-55, அவற்றின் சீன நகல்கள் எல்லாவற்றையும் சேர்த்தால், உலகத்தில் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்ட டாங்கி வேறு இல்லை. 1961-ல் வந்த டி-62 இதற்கு அடுத்தது, 115 மி.மீ. பீரங்கி. இந்தியாவில் இந்தத் தலைமுறைக்கு இணை என்றால் விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி 1965-ல் வெளிவந்தது.

கிளர்ச்சி ஒடுக்கல் என்றால், ஓர் அரசு இன்னொரு நாட்டுப் படையோடு மோதாமல், மக்கள் நடுவே இயங்கும் ஆயுதக் குழுவோடு மோதுவது. அந்தக் குழு நேருக்கு நேர் வராது. சாலையில் கண்ணிவெடி வைக்கும், தனித்துப் போகும் வண்டியை அடிக்கும், பிறகு ஊருக்குள் கலந்துவிடும். இதைச் சமாளிக்க அரசு தன் படையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துப் பரப்பி வைக்கிறது. அந்தத் துண்டுதான் காவல் முகாம்: சில பத்துப் பேரோ நூறு பேரோ, மணல் மூட்டை, முள்கம்பி, இரண்டு மூன்று இயந்திரத் துப்பாக்கி. இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம், குழு தன் மொத்த பலத்தையும் ஓர் இரவில் ஒரே முகாம் மீது குவிக்க முடியும் என்பது. உதவி வந்து சேரும்வரை அந்த நூறு பேர் தாக்குப்பிடிக்க வேண்டும். டாங்கிக்கு வேலை இருப்பது அந்த இடைவெளியில்தான்.

முகாமில் டாங்கி என்ன செய்கிறது

1. உடனே திருப்பிச் சுடுகிறது. பீரங்கிச் சூட்டில் இரண்டு வகை உண்டு. குண்டு வானில் ஏறி வளைந்து விழுவது ஒன்று. தூரத்தில் இருக்கும் பீரங்கிப் படையிடம் ரேடியோவில் இடத்தைச் சொல்லி, அவர்கள் கணக்குப் போட்டு, முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்துவதற்குள் பல நிமிடங்கள் போய்விடும். அதற்குள் எதிரி வேலிக்குள் வந்துவிட்டால் நம் ஆட்கள் மீதே குண்டு விழும் ஆபத்து வேறு. கண்ணுக்குத் தெரியும் இலக்கை நோக்கி நேராகச் சுடுவது மற்றொன்று. டாங்கி செய்வது இது. எதிர்மேட்டிலிருந்து ஓர் இயந்திரத் துப்பாக்கி சுடுகிறது என்றால் சில விநாடிகளில் பதில் போகும்.

2. தூரத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. கிளர்ச்சிக் குழுக்களிடம் பொதுவாகக் கிடைக்கும் டாங்கி எதிர்ப்பு ஆயுதம் ஆர்.பி.ஜி.-7. நின்றுகொண்டிருக்கும் இலக்கை அது நம்பிக்கையோடு அடிக்க 500 மீட்டருக்குள் வர வேண்டும்; நகரும் இலக்கென்றால் 300. டாங்கியின் பீரங்கி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரில் இருப்பதை அடிக்கும். இந்த நடு இடைவெளிதான் பழைய டாங்கியின் உண்மையான கவசம். சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால் அது நிலைக்கும். தோப்பும் சந்தும் இருந்தால் காணாமல் போய்விடும்.

3. சிதறல்களைத் தாங்குகிறது. மோர்ட்டார் சிதறலும் துப்பாக்கிக் குண்டும் மணல் மூட்டைக்குப் பின்னால் இருப்பவனைக் கொல்லும். 1950-களின் எஃகாக இருந்தாலும் அவை டாங்கிக்குள் நுழையாது.

4. முகாமுக்கு வரும் சாலையைத் திறந்துவைக்கிறது. ரேஷனும் தண்ணீரும் கொண்டுவரும் லாரிகளுக்கு முன்னும் பின்னும் ஓடுகிறது.

1969 மார்ச் 3-ம் தேதி இரவு, வியட்நாமில் பென் ஹெட் என்ற முகாமை வட வியட்நாம் படை பி.டி-76 இலகு டாங்கிகளோடு தாக்கியது. முகாமில் அமெரிக்க எம்-48 டாங்கிகள் இருந்தன. தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1968 பிப்ரவரியில், லாங் வெய் முகாமை அதே பி.டி-76 டாங்கிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்து பிடித்துவிட்டன. அங்கே காவலர்களிடம் டாங்கி இல்லை. பி.டி-76-ன் கவசம் மிக மெல்லியது, கனரக இயந்திரத் துப்பாக்கியே அதைத் துளைக்கும். அப்படிப்பட்ட வண்டியே லாங் வெய்யில் முடிவைத் தீர்மானித்தது.

சோஜி லா: காலம் கடந்த டாங்கி ஜெயித்த இடம்

இந்தியாவுக்குள்ளேயே இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. அல்சூர்க்காரர்களுக்கு அதில் நேரடிப் பங்கும் உண்டு.

1948-ல் காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் வழியில் சோஜி லா கணவாயை பாகிஸ்தான் தரப்பு பிடித்துவைத்திருந்தது. உயரம் 11,500 அடிக்கு மேல். பாறைக் குகைகளிலும் பதுங்கு குழிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக் கணவாயை அடைத்திருந்தார்கள். காலாட்படை மோதிப் பார்த்துத் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது ஜெனரல் திம்மையா எடுத்த முடிவு, கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுபோவது.

7-வது லைட் கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவிடம் இருந்தவை ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள். சுமார் 15 டன், 37 மி.மீ. சிறு பீரங்கி. ஐரோப்பாவில் ஜெர்மன் டாங்கிகள் முன்னால் நிற்கவே முடியாது என்று 1944-லேயே தெரிந்துபோன வண்டி. ரகசியம் காக்கவும் பாலங்கள் தாங்கவும் டரெட்டுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறுவது கோவேறு கழுதை போகும் தடம். அதை டாங்கி போகும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். குளிரில், எதிரியின் பார்வைக்குக் கீழே, பாறையை வெடித்துச் செய்த வேலை அது.

1948 நவம்பர் 1-ம் தேதி ஸ்டூவர்ட்டுகள் கணவாய்க்குள் நுழைந்தன. அத்தனை உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரே இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. டாங்கியைத் தடுக்கும் ஆயுதமும் அவர்களிடம் அங்கே இல்லை. குகை வாய்களை நேரடியாகக் குறிவைத்து 37 மி.மீ. குண்டுகள் பாய்ந்தன. அன்றே கணவாய் திறந்தது. அந்த மாதத்துக்குள் கார்கிலும் கைக்கு வந்தது.

ஐரோப்பாவில் ஜெர்மன் டாங்கிகள் முன்னால் தாங்காத வண்டி, மலைக்கணவாயில் ஒரு போர்முனையையே திருப்பியது. வண்டி மாறவில்லை, எதிரில் இருந்தது மாறியது. அந்தச் சாலை இல்லாமல் அந்த டாங்கியும் இல்லை என்பதை நான் அழுத்தியே சொல்வேன். போர் வரலாறு எழுதுபவர்கள் கேவல்ரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் சாப்பர்ஸுக்கு ஒரு வரிதான் கொடுக்கிறார்கள், அது நியாயமில்லை.

எங்கே உடைகிறது

மேலே சொன்ன தூர இடைவெளி மூடிக்கொண்டால் எல்லாமே தலைகீழாகிறது. ஆர்.பி.ஜி.-7-ன் தொடக்ககாலக் குண்டே சுமார் 260 மி.மீ. எஃகைத் துளைக்கும். டி-55-ன் மிகத் தடித்த பகுதியான டரெட் முகப்பு ஏறத்தாழ 200 மி.மீ. பக்கவாட்டில் 80. அதாவது கிட்டே வந்துவிட்டவனுக்கு எந்தப் பக்கமும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆட்கள் உட்காரும் அதே அறையில்தான் குண்டுகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே தீப்பற்றினால் தப்புவது கடினம்.

இன்னும் மூன்று குறைகள் உண்டு, செய்திகளில் அதிகம் வராதவை.

1. டி-55 பீரங்கி மேல்நோக்கி 18 டிகிரிதான் உயரும், கீழே 5 டிகிரிதான் இறங்கும். பள்ளத்தாக்கில் நிற்கும் டாங்கியால் நேர் மேலே உள்ள முகட்டைச் சுட முடியாது. உச்சியில் நிற்கும் டாங்கியால் காலடிச் சரிவில் ஏறி வருபவனைச் சுட முடியாது.

2. பழைய டாங்கியின் இரவுப் பார்வை அகச்சிவப்பு விளக்கை நம்பியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி அதன் எதிரொளியைப் பார்ப்பது. இரவுக் கண்ணாடி வைத்திருக்கும் எவனுக்கும் அது டார்ச் அடித்துக்கொண்டு நிற்பதைப் போலத் தெரியும். இன்றைக்கு இரவுக் கண்ணாடி எளிதாகவே கிடைக்கிறது.

3. அடிப்பகுதி மெல்லியது. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் இதை அனுபவித்துக் கற்றது. 1980-களில் டி-62-ஐப் புதுப்பித்தபோது டரெட்டின் முகப்பில் கூடுதல் கவசத்தோடு, அடியிலும் கண்ணிவெடித் தகடு சேர்த்தார்கள்.

1987-ல் சாட் நாட்டில் நடந்தது இந்தக் குறைகளைப் பெரிய அளவில் காட்டியது. வடக்கே லிபியப் படை பாலைவன முகாம்களில் டி-55 டாங்கிகளோடு காவல் இருந்தது. சாட் வீரர்களிடம் டொயோட்டா பிக்கப் வண்டிகளும் பிரான்ஸ் கொடுத்த மிலான் ஏவுகணைகளும் இருந்தன. மிலான் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே டாங்கியைத் துளைக்கும். ஜனவரி 2-ம் தேதி ஃபாடா முகாம் விழுந்தது, மார்ச் 22-ம் தேதி வாதி தூம் விமானத்தளம் விழுந்தது. டாங்கிகள் ஒரே இடத்தில் நின்று காவல் காத்தன. பிக்கப்புகள் பல திசைகளிலிருந்தும் வேகமாக வந்து சூழ்ந்தன. அந்தச் சண்டைக்கே டொயோட்டா போர் என்று பெயர் வந்தது. வெட்டவெளியும் தூரமும் டாங்கிக்குச் சாதகம் என்று மேலே சொன்னேன். ஏவுகணை வந்ததும் அதே வெட்டவெளி டாங்கியைக் காட்டிக்கொடுக்கும் இடமாகிவிட்டது.

இன்று அந்த ஏவுகணையின் வேலையைச் சில நூறு டாலர் விலையுள்ள ட்ரோன் செய்கிறது, அதுவும் மிக மெல்லிய மேல்பகுதியில் அடித்து. உக்ரைனில் டாங்கிகள் மேல் கம்பிக் கூண்டும் தகரக் கொட்டகையும் முளைத்தது இதனால்தான்.

தீனி போடும் செலவு

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. டாங்கியை முகாமில் வைத்திருப்பது அதுதான். டி-55 ஒரு கிலோமீட்டர் ஓட இரண்டு லிட்டர் அளவு டீசல் குடிக்கும். நின்ற இடத்திலேயே நின்றாலும் பேட்டரி, ரேடியோ, டரெட் இயங்க இன்ஜினை அவ்வப்போது ஓட்டியாக வேண்டும். சங்கிலிப் பட்டை சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். உதிரிபாகம் செய்த ஆலை மூடப்பட்டிருந்தால் இரண்டு வண்டியைப் பிரித்து ஒன்றை ஓட்ட வேண்டும். பழுதான 36 டன் வண்டியை மாட்டைக் கட்டி இழுக்க முடியாது. அதற்கென்று தனி மீட்பு வண்டி வேண்டும். தங்கவயலில் பி.இ.எம்.எல். செய்தது அந்த மாதிரி வண்டிகளைத்தான்.

ஒவ்வொரு டீசல் லாரியும் சாலையில் வர வேண்டும். சாலையில்தான் கண்ணிவெடி இருக்கிறது. சாலையைக் காக்க டாங்கி வந்தது, டாங்கிக்குத் தீனி கொண்டுவரும் லாரியைக் காக்க இன்னும் ஆட்கள் வந்தார்கள். சிறிய முகாமில் இந்தச் சுழல் சீக்கிரமே கழுத்தை இறுக்கும். ராணுவத்தின் ரேஷனையும் எரிபொருளையும் பார்த்துக்கொள்ளும் ஆர்மி சர்வீஸ் கோரின் பயிற்சி மையமும் இதே பெங்களூருவில்தான் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

கனடாவின் அனுபவம் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2006 இலையுதிர் காலத்தில் அது காந்தஹாருக்கு லெபர்ட் சி2 டாங்கிகளை அனுப்பியது. 1970-களின் இறுதியில் வாங்கிப் பிறகு மேம்படுத்திய வண்டி அது. திராட்சைத் தோட்டங்களின் தடித்த மண்சுவர்களை மற்ற வண்டிகளால் உடைக்க முடியாதபோது இது உடைத்தது. அந்த அளவில் முடிவு சரிதான். ஆனால் டரெட்டைச் சுழற்றும் ஹைட்ராலிக் கருவியே உள்ளே வெப்பத்தைக் கக்கியது, குளிரூட்டி கிடையாது. ஆப்கன் கோடையில் அதற்குள் மனிதன் உட்கார்ந்து வேலை பார்ப்பது சித்திரவதை. அடுத்த ஆண்டே கனடா ஜெர்மனியிடமிருந்து 20 லெபர்ட் 2 டாங்கிகளை இரவலாக வாங்கியது. பழையவற்றைக் கண்ணிவெடி அகற்றும் உருளையும் புல்டோசர் தகடும் மாட்டி முன்னால் ஓடவிட்டது. டாங்கிக்கு வயதாகிறது என்பதை முதலில் உணர்வது உள்ளே இருக்கும் அந்த நான்கு பேர்தான்.

ஆனையிறவும் பூநகரியும்

தமிழ் வாசகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு இடங்கள். இரண்டிலும் உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் இதைப் படிக்கக்கூடும் என்ற நினைவோடுதான் எழுதுகிறேன்.

1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமைத் தாக்கினார்கள். சுற்றிலும் உப்பளம், ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத வெளி. அதைக் கடக்க அவர்கள் புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்தி ஓட்டிவந்தார்கள். கவசத்தின் தேவை தாக்குபவனுக்கும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த முறை முகாம் தப்பியது. இலங்கை ராணுவம் டி-55 டாங்கிகளை வாங்கியதும் அந்த ஆண்டில்தான்.

1993 நவம்பர் 11-ம் தேதி புலிகள் 'தவளை' என்று பெயரிட்ட நடவடிக்கையில் பூநகரி முகாமைத் தரையிலிருந்தும் கடலேரியிலிருந்தும் தாக்கினார்கள். முகாமில் நின்ற இரண்டு டி-55 டாங்கிகள் அவர்கள் கைக்குப் போயின. அவற்றில் ஒன்றை விமானப்படை குண்டு போட்டு அழித்தது. முகாமில் டாங்கியை வைக்கும்போது தளபதிகள் கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு இது. துப்பாக்கி பறிபோனால் ஒரு துப்பாக்கிதான் போனது. டாங்கி பறிபோனால் அடுத்த முகாமின் வேலிக்கு எதிரே அது நிற்கும். டாங்கியைச் சுற்றிக் காலாட்படை இல்லாவிட்டால், இருட்டில் தவழ்ந்து வருபவனை உள்ளே இருப்பவர்களால் பார்க்கவே முடியாது.

அப்புறம் 2000 ஏப்ரல். அதே ஆனையிறவு விழுந்தது. அங்கே கனரக ஆயுதங்களுக்குக் குறைவில்லை. இயக்கச்சிப் பக்கம் தண்ணீர் வந்த வழி அறுந்தது, தரைவழி அறுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் முகாமில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றால் பீரங்கி எத்தனை மி.மீ. என்பது ஒரு பொருட்டே இல்லை.

ஊருக்குள் ஒரு டாங்கி

கிளர்ச்சி ஒடுக்கலில் நிலத்தைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அந்த நிலத்தில் வாழும் மக்கள் யாரை நம்புகிறார்கள் என்பதில்தான் முடிவு இருக்கிறது. 100 மி.மீ. குண்டு ஒன்று 15 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. மண்சுவர் வீட்டில் ஒளிந்து சுடும் ஒருவனை அது கொல்லும். அடுத்த அறையில் இருக்கும் குழந்தையையும் கொல்லும். பழைய டாங்கியில் குறிபார்க்கும் கருவி மங்கலாக இருப்பதால் இந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோவில் வளாகத்தில் விஜயந்தா டாங்கிகள் சீக்கியர்களின் உயரிய பீடமான அகால் தக்த் மீது குண்டு சுட்டன. நாற்பது ஆண்டு கடந்தும் அந்தக் காயம் ஆறவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப் படை அப்போது ஓரளவு புதியவையாக இருந்த டி-72 டாங்கிகளைக் கொண்டுபோனது. சாலைகளில் கண்ணிவெடி நிறைந்திருந்ததால் ரயில் பாதையோடு அவற்றை ஓட்ட வேண்டியிருந்தது. சந்துகளும் மதில்களும் நிறைந்த ஊரில் டாங்கி என்ன சாதித்தது, மக்கள் மனதில் என்ன விட்டுப்போனது என்பதை யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும்.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இந்த வேலைக்கு 1990-ல் ராஷ்டிரிய ரைபிள்ஸ் என்ற காலாட்படை அமைப்பை உருவாக்கினார்கள். கண்ணிவெடி தாங்கும் சக்கர வண்டிகள் உண்டு. டாங்கிகளை மையமாக வைக்கவில்லை. அது சரியான முடிவு என்பது என் கருத்து.

வேறு வேலைக்குப் போகும் பழைய வண்டிகள்

இவ்வளவு குறை தெரிந்தும் ஏன் உருக்கிவிடுவதில்லை? எஃகுப் பெட்டியாகவும் சங்கிலி வண்டியாகவும் அதற்கு இன்னும் மதிப்பு உண்டு. இஸ்ரேல் போரில் பிடித்த டி-55-களின் டரெட்டைக் கழற்றிவிட்டு, வீரர்களை ஏற்றிச் செல்லும் அக்சாரித் என்ற தடித்த கவச வண்டியாக மாற்றியது; எடை 44 டன். டரெட்டின் எடை போனதால் அந்த இடத்தில் கவசத்தைக் கூட்ட முடிந்தது. ஆபத்தான ஊர்களில் ஆட்களை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க இதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். சுவிட்சர்லாந்து தன் பழைய செஞ்சூரியன் டாங்கிகளின் டரெட்டுகளை மட்டும் எடுத்துப் பதுங்கு குழிகளின் மேல் பதித்தது. இந்தியா விஜயந்தாவின் உடலில் 130 மி.மீ. ரஷ்யப் பீரங்கியை ஏற்றி கேட்டபுல்ட் என்ற பெயரில் நீண்ட காலம் வைத்திருந்தது.

ரஷ்யா செய்வதும் இந்த வரிசையில் வருவதே. உக்ரைனில் டி-62, டி-55 வண்டிகள் பல நேரம் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, குண்டை வளைவாகச் சுட்டு பீரங்கிப் படையின் வேலையைச் செய்கின்றன. பீரங்கிக் குழாய்களுக்கும் குண்டுகளுக்கும் பஞ்சம் வந்தபோது, கிடங்கில் கிடந்த 100, 115 மி.மீ. குண்டுகளைச் சுட ஒரு குழாய் தேவைப்பட்டது. ஆனால் 16, 18 டிகிரிக்கு மேல் உயராத பீரங்கி குண்டை உயரமாக வளைத்துச் சுடும் உண்மையான ஹோவிட்சர் பீரங்கி எட்டும் தூரத்தை எட்டாது, துல்லியமும் இல்லை. 2023 ஜூனில் ஒரு டி-55-ஐ வெடிமருந்தால் நிரப்பி, ஆளில்லாமல் உக்ரைன் நிலைகளை நோக்கி ஓட்டிவிட்டார்கள்.

லடாக்கும் ஆவடியும்

இந்தியாவில் விஜயந்தாவும் டி-55-ம் ஓய்வு பெற்றுவிட்டன. இன்று மூத்த வண்டி டி-72. 1970-களின் இறுதியிலிருந்து வரத் தொடங்கியது. சுமார் 2,400 இருக்கின்றன. கிளர்ச்சிக்கு எதிராக இல்லாவிட்டாலும், உயரமான காவல் நிலைகளைத் தாங்கும் வேலைக்கு இவை இன்றும் போகின்றன. 2020 ஆகஸ்ட் கடைசியில் கிழக்கு லடாக்கின் ரெச்சின் லா முகட்டுக்கு இந்திய டாங்கிகள் ஏறியபோது, சோஜி லாவில் நடந்தது நினைவுக்கு வந்தது. எதிரே சீன டாங்கிகள் நின்றன. 2021 பிப்ரவரியில் இரு தரப்பும் பின்வாங்கும்வரை அந்தக் குளிரில் இன்ஜின் உறையாமல் காப்பதே தனிப் போராட்டம்.

2024 ஜூன் இறுதியில் ஷையோக் ஆற்றைக் கடக்கும் பயிற்சியின்போது திடீரென நீர்மட்டம் உயர்ந்து, டி-72 ஒன்றில் இருந்த ஐந்து வீரர்களும் இறந்தார்கள். 40 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி ஆற்றில் சிக்கினால் அதை மீட்க நேரம் போதாது.

இந்த உயரங்களுக்கென்றே 25 டன் எடையில் ஜோராவர் என்ற இலகு டாங்கியை டாங்கி வடிவமைப்பு ஆய்வகமான ஆவடி சி.வி.ஆர்.டி.இ.-யும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து உருவாக்கி, 2024 ஜூலையில் காட்டின. டி-72-களுக்கு மாற்றாக 1,770 புதிய டாங்கிகள் வாங்கும் திட்டத்துக்கு அதே ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் குழு முதற்கட்ட ஒப்புதல் தந்தது. அவை படைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை டி-72 ஓடியாக வேண்டும் என்பதால்தான் 2025 மார்ச்சில் ரஷ்யாவோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: 780 குதிரைத்திறன் இன்ஜினைக் கழற்றிவிட்டு 1,000 குதிரைத்திறன் இன்ஜினைப் பொருத்துவது. அதைச் செய்யும் தொழில்நுட்பமும் ஆவடிக்கு வருகிறது. 1965-ல் முதல் விஜயந்தா வெளிவந்த அதே ஆலைக்கு.